யோசெமிட்டியில் ஏழு முதல் ஒன்பது வரை

முதல் நாள்: ஃப்ரீமாண்ட்டிலிருந்து அப்பர் பைன்ஸ்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்கிலுள்ள அப்பர் பைன்ஸ் முகாமில் அக்டோபர் கடைசி வாரத்தில் மூன்று இரவுகளுக்கு இடம் கிடைத்தபோது, மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்தே வந்தது. அந்த முகாமில் எந்த இடத்திலும் மின் இணைப்புக் கிடையாது. ஜெனரேட்டரைக் காலை 7 முதல் 9 வரை, நண்பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஓட்டலாம். அதையும் சிக்கனமாக ஓட்டவேண்டும் என்பது பூங்காவின் விதி. நானும் கணவரும் மகனும் மட்டும் என்றால் இருட்டியதும் போர்வைக்குள் புகுந்துவிடுவோம். இம்முறை திருச்சியிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் அம்மாவும் உடன் வருகிறார்கள். அம்மாவுக்குக் குளிர் அறவே ஆகாது என்பதால் இரவில் எரிவாயு ஹீட்டர் ஓடவேண்டும். அப்பாவுக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படும் தொந்தரவு இருப்பதால், மூக்கு வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சீபேப் (CPAP) கருவி விடியும்வரை நிற்காமல் ஓடவேண்டும். ஆகவே இந்தக் குறிப்புகளில் அருவிகளைவிடப் பேட்டரியைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன். இதே கவலையோடு பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு இது உதவட்டும்.

எங்களுடையது, வண்டியின் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் 22 அடி டிரெய்லர். அதன் முன்பகுதியில், கோல்ஃப் வண்டிகளில் பயன்படும் 6 வோல்ட் ஈய அமிலப் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறோம். 12 வோல்ட்டில் 220 ஆம்ப்-ஹவர் கொள்ளளவு (ஒரு ஆம்பியர் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு ஆம்ப்-ஹவர்). அதில் பாதிக்குமேல் அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், நம்பிச் செலவிடக்கூடியது 110 ஆம்ப்-ஹவர்தான். தொடர்ந்து 1,800 வாட் தரும் சிறிய இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் ஒன்றும், மடித்து எடுத்துச் செல்லக்கூடிய 200 வாட் சோலார் பேனல் ஒன்றும் உடன் இருக்கின்றன. பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் ஆம்பியர் கணக்கில் காட்டும் மானிட்டர் ஒன்றைப் போன ஆண்டு பொருத்தினேன். வோல்ட் அளவை மட்டும் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது.

ஓக்டேல், குரோவ்லேண்ட் வழியாக 120-ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, நான்கு மணியளவில் முகாமை அடைந்தோம். ஐந்து மணி ஆனதும், அனுமதித்த நேரத்தை வீணாக்கக்கூடாது என்ற எண்ணத்தில் ஜெனரேட்டரை ஓட்டினேன். அது பிழை. வீட்டு மின்சாரத்தில் இரவெல்லாம் இணைத்துவைத்து முழுதாக நிரப்பிக்கொண்டு வந்த பேட்டரி அது. மானிட்டரில் 6 ஆம்பியர் என்று காட்டியது, பத்து நிமிடத்தில் 4 ஆனது. வயிறு நிறைந்தவருக்கு மறுபடியும் இலை போட்டதுபோல, உள்ளே போவதற்கு இடமில்லாமல் பெட்ரோல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அடுத்த இடத்தில் கூடாரம் போட்டிருந்த இளம் தம்பதியர் கைக்குழந்தையைத் தூங்கவைக்க முயன்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் அணைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள்: அப்பர் பைன்ஸ்

நேற்றிரவுக் கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. காலையில் எழுந்து மானிட்டரைப் பார்த்தபோது பேட்டரி 46 விழுக்காட்டில் நின்றது. ஒரே இரவில் 118 ஆம்ப்-ஹவர் போயிருக்கிறது.

எங்கே போனது என்று அப்பாவும் நானும் காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். ஹீட்டர் எரிப்பது எரிவாயுவைத்தான் என்றாலும், சூடான காற்றைத் தள்ளும் அதன் விசிறி 8 ஆம்பியர் இழுக்கிறது. அம்மாவுக்காக 21 டிகிரியில் வைத்திருந்தோம். வெளியே 3 டிகிரி. இரவில் மொத்தம் ஏழு மணிநேரமாவது அது ஓடியிருக்கும், அதற்கே 56. சீபேப் கருவியை, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் செருகியிருந்தோம். கருவியோடு சேர்ந்த நீர்த்தொட்டியைச் சூடாக்கும் ஈரப்பதமூட்டியும் ஓடியது, இன்வெர்ட்டர் தனக்கென்று தின்பதும் சேர்ந்தது, ஆக 6 ஆம்பியர்வீதம் எட்டு மணிநேரத்துக்கு 48. மீதி, விளக்கு, தண்ணீர் மோட்டார், குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி ஆகியவற்றுக்கு.

அப்பாவுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தமிழ்நாட்டில் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் மின்வெட்டு இருந்த 2012-இல் திருச்சி வீட்டு இன்வெர்ட்டருக்கு மாதம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எந்த அறையில் எத்தனை விசிறி ஓடலாம் என்று முடிவு செய்தவர் அவர்தான். "ஏம்மா, சூடு பண்ற சாமான் எதையும் பேட்டரியில போடக்கூடாதுன்னு நான் அப்பவே சொல்வேனே" என்றார். உண்மைதான், வெப்பம் உண்டாக்கும் எதுவும் பேட்டரியைக் குடித்துவிடும்.

இன்னொரு பிழை என் தூக்கத்தால் வந்தது. நான் கண்விழித்தபோது மணி 8:20. ஜெனரேட்டரை ஓட்டியதும் மானிட்டர் 48 ஆம்பியர் காட்டியது. ஆனால் 9 மணிக்கு நிறுத்தியாக வேண்டும் என்பதால் 32 ஆம்ப்-ஹவர்தான் ஏறியது. நண்பகல் வேளையில் மிரர் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். ஆளில்லாத இடத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் போவது எனக்கு ஒப்பாத செயல். மாலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிவரை முழுதாக ஓட்டி, ஒருவாறு 90 விழுக்காட்டை எட்டினோம்.

இன்றிரவுக்குச் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். சீபேப்பை இன்வெர்ட்டரிலிருந்து எடுத்து, 12 வோல்ட்டிலிருந்தே அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தரும் அடாப்டரில் இணைத்துவிட்டேன். ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டுத் தூங்கலாமா என்று, கிளம்புவதற்கு முன்பே அப்பா தம் மருத்துவரிடம் கேட்டுவைத்திருந்தார். மூக்கு வறண்டால் மட்டும் மறுபடி போடும்படி அவர் சொல்லியிருக்கிறார். ஹீட்டரை 16 டிகிரியில் வைத்து, அம்மாவுக்கு இரண்டு கம்பளியும் சுடுநீர்ப் பையும் கொடுத்தாயிற்று. சுடுநீரை அடுப்பில் வைத்த பாத்திரத்திலிருந்து எடுத்தோம்.

மூன்றாம் நாள்: அப்பர் பைன்ஸ்

காலை 7 மணிக்கு மானிட்டரில் 58 விழுக்காடு. இரவுச் செலவு 70 ஆம்ப்-ஹவர். அப்பா நன்றாகத் தூங்கினார், அம்மாவும் குறை சொல்லவில்லை.

இன்று ஏழு மணி அடித்ததும் ஜெனரேட்டர் ஓடியது. அதை ஏன் அந்த நேரத்தில் ஓட்டவேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்தப் பயணத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இதுதான்.

ஈய அமிலப் பேட்டரி பசியோடிருக்கும்போது கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ 80 விழுக்காடு நிறைந்ததும் வாங்கும் வேகம் குறையத் தொடங்கும். கடைசி இருபது விழுக்காட்டுக்குப் பல மணிநேரம் ஆகும். அந்தக் கடைசிப் பகுதிக்கு ஜெனரேட்டரை ஓட்டுவது வீண். ஒரு தம்ளர் பாலைக் காய்ச்சப் பெரிய விறகடுப்பைப் பற்றவைப்பதைப்போல அது. எனவே பேட்டரி மிகவும் இறங்கியிருக்கும் விடியற்காலையில் ஜெனரேட்டரால் பெரும்பகுதியை நிரப்பிவிட்டு, மெதுவாக ஏறவேண்டிய மிச்சத்தைப் பகலெல்லாம் சூரியனிடம் ஒப்படைக்க வேண்டும். மாலையில் ஓட்டினாலும் அதே அளவு ஆம்பியர் ஏறும் என்பது நேற்றே தெரிந்தது. ஆனால் அதன்பிறகு நிரப்பிமுடிக்கச் சூரியன் இருக்காது. முழுதாக நிறையாத பேட்டரியையே ஒவ்வொரு இரவும் மறுபடி இறக்கிக்கொண்டிருந்தால், ஈயத் தகடுகளின்மீது சல்பேட் படிந்து இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும்.

இன்று நான் மானிட்டரின் அருகிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். ஏழு மணிக்கு 48 ஆம்பியர். 7:45-க்கு 47. எட்டேகால்வரை அசையவில்லை. 8:30-க்கு 35 ஆகி, 8:55-க்கு 23-க்கு இறங்கியது. நிறுத்தியபோது பேட்டரி 88 விழுக்காட்டில் இருந்தது. டிரெய்லரோடு வந்த பழைய சார்ஜர் 13.6 வோல்ட்டுக்குமேல் போகாது. அதை வைத்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த இரண்டு மணிநேரத்தில் இதில் பாதிகூட ஏறியதில்லை. அதற்குப் பதிலாக, 14.4 வோல்ட் வரை உயர்ந்து நிரப்பும் சார்ஜரைப் போன வசந்தகாலத்தில் பொருத்தினேன். ஜெனரேட்டர் நேரம் குறுகலாக உள்ள முகாம்களுக்குப் போகிறவர்கள், பெரிய ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன்னால் இந்தச் சார்ஜரைப் பார்க்கவேண்டும்.

ஜெனரேட்டரைத் தொடங்கும்முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. குளிர்பெட்டி தானியங்கி நிலையில் இருந்தால், வெளி மின்சாரம் வந்தவுடன் எரிவாயுவை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு மாறி 300 வாட்டுக்குமேல் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சூடாக்கியின் வெப்பச்சுருள் 1,400 வாட் கேட்கும். சார்ஜரோ 900 வாட்டுக்குமேல் கேட்கிறது. மூன்றும் சேர்ந்தால் 1,800 வாட் ஜெனரேட்டர் மூச்சுத்திணறி நின்றுவிடும். முதலிரண்டையும் எரிவாயுவிலேயே நிறுத்திவைத்த பிறகு மிச்சமிருந்த இடத்தில், அம்மா 550 வாட் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னியை அரைத்துக்கொண்டார். அரைப்பது, கைப்பேசிகளை ஏற்றுவது எல்லாம் இனி இந்த இரண்டு மணிநேரத்துக்குள்தான் என்று வீட்டுச் சட்டம் ஆகிவிட்டது.

வைக்கும் இடமும் முக்கியம். புகைபோக்கி எங்கள் சன்னலையோ பக்கத்துக் கூடாரத்தையோ பார்க்காமல் சாலையை நோக்கி இருக்கவேண்டும். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டும் ஓசை விதிமீறல். கட்டுமானத் தளங்களில் பயன்படும் திறந்த சட்டக ஜெனரேட்டர்களை எடுத்து வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. நேற்று 7 மணிக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டருக்காகப் பூங்காக் காவலரான ரேஞ்சர் வந்து, அதன் உரிமையாளரிடம் பொறுமையாகப் பேசி நிறுத்தவைத்ததைப் பார்த்தேன். இந்தக் கட்டுப்பாடு எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை. ஒன்பது மணிக்கு எல்லா இயந்திரங்களும் ஓய்ந்த கணத்தில், அதுவரை இல்லாததுபோல இருந்த மெர்சட் ஆற்றின் ஓசை மரங்களுக்கிடையே மறுபடி கேட்டது. அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

சோலார் பேனலின் பங்கு இங்கே சிறியது. பள்ளத்தாக்கின் தெற்குச் சுவரும் உயர்ந்த பைன் மரங்களும் சேர்ந்து பத்தரை மணிவரை வெயிலை விடவில்லை. அதன்பிறகும் கிளைகளின் நிழல் வரிவரியாக விழுந்தது. பேனலின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு நிழல் விழுந்தாலே 8 ஆம்பியர் 2 ஆகிவிடுகிறது. மகன் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டு, 30 அடி கம்பியின் எல்லைக்குள் மூன்றுமுறை இடம்மாற்றினான். நாள் முழுவதும் சேர்ந்து 22 ஆம்ப்-ஹவர். மாலை நான்கு மணிக்கு 93 விழுக்காடு. நண்பகலிலும் மாலையிலும் ஜெனரேட்டரைத் தொடவில்லை.

நான்காம் நாள்: பார்ஸ்டோ

காலையில் இரண்டு மணிநேரம் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டே மூட்டை கட்டினோம். வவோனா சுரங்கப்பாதை வழியாக 41-ஆம் சாலையில் இறங்கி, ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு, டெஹாச்சப்பி கடந்து பார்ஸ்டோ வந்து சேர இருட்டிவிட்டது.

இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் ஏழு முனை இணைப்பு வழியாகப் பேட்டரி நிறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இன்று வழியெல்லாம் கைப்பேசியில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே வந்த கணவரின் குறிப்புப்படி அது 7 ஆம்பியரை ஒருமுறையும் தாண்டவில்லை. அவ்வளவு நீளத்துக்கு மெல்லிய கம்பியில் வரும்போது மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது. தடித்த கம்பியும், 12 வோல்ட்டை வாங்கிச் சரியான அழுத்தத்துக்கு உயர்த்தித் தரும் சார்ஜரும் போட்டால் கதை வேறு.

இன்றிரவு மின் இணைப்புள்ள தனியார் முகாம். பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளந்து நிறைவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை அப்பா கேட்டார். பேட்டரிப் பெட்டியைத் திறந்து, ஆறு அறைகளிலும் தகடுகளுக்குமேல் நீர் நிற்கிறதா என்று கைவிளக்கில் பார்த்துவிட்டு, இரண்டு அறைகள் தாழ்ந்திருப்பதைக் காட்டினார். நிரம்பிய பிறகுதான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவேண்டும், முன்பே ஊற்றினால் பொங்கி வழியும் என்பதால் காலைவரை காத்திருக்கிறோம்.

ஐந்தாம் நாள்: ஜோஷுவா ட்ரீ

காலையில் ஹைட்ரோமீட்டர் ஆறு அறைகளிலும் 1.270-ஐ ஒட்டியே காட்டியது. முழுநிறைவு. தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பி, லூசெர்ன் பள்ளத்தாக்கு வழியாக 247-ஆம் சாலையில் வந்து, மதியம் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் ஜம்போ ராக்ஸ் முகாமில் நிறுத்தினோம். 124 இடங்கள் உள்ள இங்கே மின்சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜெனரேட்டர் நேரங்கள் யோசெமிட்டியில் இருந்த அதே மூன்று வேளைகள்தாம். எல்லாப் பூங்காவிலும் இப்படி அமையாது. கிராண்ட் கேன்யனின் மேதர் முகாமில் நண்பகல் வேளை கிடையாது. அந்த முகாமின் பைன் வளைவு என்ற பகுதியில் ஜெனரேட்டருக்கே அனுமதி இல்லை. ஸையான் பூங்காவின் வாட்ச்மேன் முகாமில் அறவே தடை. இடம் பதிவு செய்யும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே மரநிழல் என்ற பேச்சே இல்லை. பேனலைத் தெற்குநோக்கி நிறுத்தினேன். இந்த நாட்களில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 43 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே பேனலைத் தரையில் படுக்கப்போடாமல் 47 டிகிரி சாய்த்தால் கதிர்கள் நேராக விழும். படுக்கப்போட்டபோது 7 ஆம்பியர், சாய்த்ததும் 10.

ஆனாலும், காலையில் நிறைந்த பிறகு செலவானதை ஈடுகட்டப் பேட்டரி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்க, பேனலின் முதுகில் பொருத்தியிருந்த கட்டுப்பாட்டுக் கருவி 14.4 வோல்ட் காட்டியது. பேட்டரியின் முனைகளில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 13.4. ஒரு வோல்ட் கம்பியிலேயே தொலைகிறது. யோசெமிட்டியில் பெரும்பாலும் ஓடிய இரண்டு மூன்று ஆம்பியருக்கு இந்த இழப்பு கண்ணில் படவில்லை. பத்து ஆம்பியர் ஓடியதும் வெளிப்பட்டுவிட்டது. கட்டுப்பாட்டுக் கருவி தன் வாசலில் 14.4 வந்துவிட்டது என்று நம்பி, பேட்டரி இன்னும் பசியோடிருக்கும்போதே கையை இழுத்துக்கொள்கிறது.

கணவரும் அப்பாவும் அந்தக் கருவியைக் கழற்றிப் பேட்டரிக்கு இரண்டடி தூரத்தில் பொருத்தினார்கள். பேனல் தருவது 18 வோல்ட் என்பதால், வழியில் ஒன்று போனாலும் கருவிக்கு வேண்டியது வந்துசேர்கிறது. அது தரும் 14.4 அப்படியே பேட்டரிக்குப் போகிறது. முடித்தபோது மூன்றரை மணி ஆகியிருந்தது. பாறைகளின் நிழல் நீளத் தொடங்கிவிட்டது.

ஆறாம் நாள்: ஜோஷுவா ட்ரீ

இரவில் 68 ஆம்ப்-ஹவர் செலவு. காலையில் 69 விழுக்காடு. ஏழு மணிக்குப் பக்கத்திலும் எதிரிலும் ஜெனரேட்டர்கள் ஓடத்தொடங்கின. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்ததால் எங்களுடையதை ஓட்டவேண்டாம் என்று முடிவு செய்தோம். எட்டு மணிக்குப் பேனலை நிறுத்தி, மகன் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை சூரியனோடு திருப்பிவைத்தான். மாலைக்குள் 58 ஆம்ப்-ஹவர் உள்ளே போய், பகல் செலவு நீங்கி, 92 விழுக்காடு.

எதிர் இடத்தில் தங்கியிருக்கும் முதியவர் லித்தியம் பேட்டரி வைத்திருக்கிறார். நிறையும் தறுவாய்வரை முழுவேகத்தில் வாங்கிக்கொள்ளும், பாதியோடு நிறுத்தவும் தேவையில்லை என்பதால் இரண்டு மணிநேர வேளைகளுக்கு அதைப்போல் பொருத்தமானது வேறில்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதால், அவர் அதைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். எங்கள் பேட்டரிகள் தேய்ந்ததும் நான் அதற்கே மாறுவேன். அப்பா இன்னும் ஒப்பவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்க்கமுடியாத பேட்டரியை எப்படி நம்புவது என்கிறார்.

நாளை காலை கிளம்புகிறோம். பேனலின் 30 அடி கம்பிக்குப் பதிலாக இன்னும் தடித்த கம்பி 40 அடி வாங்கவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன். அடுத்தமுறை அப்பர் பைன்ஸில் பேனலை மரங்களைத் தாண்டி வெயிலுக்குக் கொண்டுபோக அந்தப் பத்தடி போதும் என்று மகன் காலடி வைத்து அளந்து சொல்லியிருக்கிறான்.